முன்கண்ணாடியில் குழந்தை

அந்தக் கடைக்குள் இரண்டு பலகைகள் எதிரும் புதிருமாகத் தொங்கின. வண்டி கொண்டுவருகிறவர்கள் கண்ணில் படுகிற பலகை, ‘வண்டியில் ஏற்கெனவே இருந்த சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல’ என்றது. வேலை செய்கிறவர்கள் கண்ணில் படுகிற பலகை, ‘கடையில் உடைந்தால் உடைத்தவரே பொறுப்பு’ என்றது. இந்த இரண்டாவது பலகையை எழுத வைத்தவளே கைராசிதான். போன மாதம் ஓர் ஆள் ஒரு காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று ஒரே சாதிப்பாகச் சாதித்தான். “பொய் சொல்றவங்கள வெச்சுக்கிட்டு எப்படி அத்தான் தொழில் பண்றது? எழுதிப் போடுங்க!” என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள் இவள். அந்த ஆள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டான். யாருக்கு வெட்டிய குழி என்று அப்போது யார் கண்டது!

கைராசி என்பது பட்டப்பெயர். கார்க் கண்ணாடிகளுக்கு வெயில் மறைக்கும் பிலிம் ஒட்டுவது அவள் வேலை. அவள் ஒட்டினால் தேடிப் பார்த்தாலும் ஒரு குமிழி கிடைக்காது. கடை அவளுடைய அக்கா புருஷனுடையது. அத்தான் நல்ல மனுஷர், ஆனால் நிழலைப் பார்த்தாலே வேர்க்கிற ஜாதி. அடுத்த தெருவில் புதிதாக ஒரு கடை எடுத்திருந்தார். அதை நடத்தப்போவது கைராசிதான் என்று டீக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். சாவிதான் இன்னும் அத்தானின் சட்டைப் பையில் இருந்தது.

அன்று காலையில் ஒரு தலைமையாசிரியையும் அவருடைய தம்பியும் வெள்ளைக் கார் ஒன்றில் வந்து இறங்கினார்கள். கார் அக்காவுடையது. தம்பிக்கு வயது நாற்பது இருக்கும், ஆனாலும் அக்கா பக்கத்தில் நின்றால் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர் மாதிரிதான் நிற்பார். வீட்டில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றி வருவது கடை வழக்கம். எது பழைய நசுங்கல், எது பழைய கீறல் என்று அப்போதே பேசிவிட வேண்டும்.

“இது நான் கேட்டுல இடிச்சது. இதுவும் நான்தான். இது கேட்டு வந்து என் மேல இடிச்சது” என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார் தலைமையாசிரியை. முன்பக்கம் வந்ததும் அவர் முகம் சுருங்கியது. முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் வெளிப்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் இருந்தது. பொக்கை வாய்க் குழந்தை ஒன்று சிரிக்க, அதற்குக் கீழே ‘வண்டியில் குழந்தை இருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

“பிலிம் ஒட்டி முடிச்சதும் இந்தச் சனியனையும் சுரண்டி எடுத்துடும்மா.”

“இருந்துட்டுப் போகட்டுமேக்கா” என்றார் தம்பி அவசரமாக. “அதைப் பார்த்தா மத்தவங்க கொஞ்சம் மெதுவா வருவாங்க.”

“எதுக்கு? இன்னும் நாலு பேர் வந்து எத்தனை மாசம்னு என்னைக் கேட்கவா?” தலைமையாசிரியை கைராசி பக்கம் திரும்பினார். “அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போறேன். பள்ளிக்கூட வாசல்ல ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘விசேஷமா டீச்சர், சொல்லவேயில்லையே’ன்னு கேட்குது! எங்க வீட்டுல பூனைக்குட்டிகூடக் கிடையாது!”

கைராசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள். குழந்தை ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டுவதுதான் உலக வழக்கம். முன்னால் ஏன் ஒட்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அடியில் விரலை வைத்துத் தடவியாவது பார்த்திருக்க வேண்டும். சிரிக்கிற வாய்க்குக் கேட்க எங்கே நேரம்! “அதுக்குக் காசு வேண்டாம் டீச்சர், சும்மா எடுத்துத் தரேன்” என்று வள்ளலாக வேறு சொல்லிவைத்தாள்.

மதியத்துக்குள் கதவுக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் பிலிம் ஒட்டியாகிவிட்டது. கடைசியாகச் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னை எடுத்து ஸ்டிக்கரின் மேல் காட்டினாள். பசை இளகியது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். பாதி வந்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

ஸ்டிக்கர் இருந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, அவள் பார்க்கப் பார்க்க ஒரு சாண் தூரம் ஓடி நின்றது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று அப்படியே நின்றாள். பிறகு கையிலிருந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தாள். பசைப் பக்கத்தின் நடுவில் மிளகளவுக்கு ஒரு கறுப்பு அழுக்கும், அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று கண்ணாடித் துணுக்குகளும் இருந்தன. அப்படியென்றால் கல் பட்ட குழி ஒன்று அங்கே முன்னாலேயே இருந்திருக்கிறது. ஆனால் அது ஒரு சாண் விரிசலாக ஓடியது அவள் காட்டிய சூட்டில். இந்தப் பலகையா, அந்தப் பலகையா? இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் அவளைத்தான் முறைத்தன.

அத்தான் ஓடிவந்து பார்த்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உள்ளே போனவர், விற்பனைக்கு வைத்திருந்த ஸ்டிக்கர் கட்டோடு திரும்பி வந்தார். சிறகு விரித்த கழுகு ஒன்றை எடுத்து விரிசலின் மேல் பிடித்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

“இலவசமா ஒட்டினோம்னு சொல்லிடுவோம். நாளைக்கு உரிஞ்சா, ரோட்டுல கல்லு பட்டுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும் அத்தான்.”

“நீ எங்க போய்ச் சொல்லப் போற?”

“நான் சொல்றது இருக்கட்டும். இந்தக் கண்ணாடிய நம்பித்தான் அந்தம்மா ஓட்டப் போறாங்க. போன மாசம் ஒருத்தர் இதே மாதிரி பேசினாருன்னுதானே வீட்டுக்கு அனுப்பினோம்? அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

சொல்லிவிட்டாளே தவிர, புதுக்கடை போனது போனதுதான் என்று மனசுக்குள் தலைமுழுகிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அக்காவும் தம்பியும் இறங்கினார்கள். அத்தான் கழுகை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

தம்பியின் கண் நேரே அந்த மூலைக்குத்தான் போனது. போனதும் சட்டென்று தரைக்கு இறங்கியது.

“டீச்சர்” என்றாள் கைராசி. “ஸ்டிக்கரை எடுக்கறதுக்கு சூடு காட்டினேன். கண்ணாடி விட்டுடுச்சு. அடியில ஏற்கெனவே கல் பட்ட அடி இருந்திருக்கு, இதோ பாருங்க துணுக்கு. ஆனா நான் முன்னாடியே பார்த்திருக்கணும், பார்க்கல. ஓடினது என் கையிலதான். கண்ணாடிக்கு நானே பொறுப்பு.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். கைராசியையும் பார்த்தார்.

“கல் பட்டதுன்னா எனக்குத் தெரியாம இருக்காதே” என்றார் யோசனையாக. “ஓட்டறது நான்தானே.”

கைராசிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் கரைந்தது. “சரிங்க டீச்சர். நானே மாத்தித் தரேன்” என்றாள்.

“வேண்டாம்!” என்றார் தம்பி. சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். “அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான். நீ பயிற்சிக்குன்னு வெளியூர் போயிருந்தப்போ, கேட்காம வண்டிய எடுத்துட்டுப் போனேன். முன்னாடி ஒரு லாரி ஜல்லி ஏத்திக்கிட்டுப் போச்சு. திட்டுவியேன்னு பயந்து மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். கடையில அந்த அளவுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

தலைமையாசிரியை தம்பியையே பார்த்தார். இடி இப்போது விழும் என்று அத்தான் ஓரடி பின்வாங்கினார்.

“அப்போ ஊரெல்லாம் எனக்குப் பிள்ளை பிறக்கப் போகுதுன்னு பேசினதுக்கு இந்த ஜல்லிதான் காரணமா?” என்றார் அவர். சொல்லும்போதே உதடு துடித்தது, அடுத்த நொடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. “அடப்பாவி! ஒரு கல்லை மறைக்க எனக்கு வளைகாப்பு வரைக்கும் கொண்டுவந்துட்டியேடா!”

“ராத்திரி தூக்கமே இல்லக்கா” என்றார் தம்பி. அவரும் சிரித்தார், அழுகிற மாதிரி இருந்தது. “மழை பெஞ்சா ஸ்டிக்கர் உரிஞ்சுடுமோன்னு எழுந்து எழுந்து பார்ப்பேன். அப்பாடா, இன்னிக்குத்தான் மூச்சு விடறேன்.”

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் குரலுக்கு வந்தார். “சரி, வழக்கு முடிஞ்சுது. கல்லு இவனுது, அதனால புதுக் கண்ணாடி இவன் வாங்கணும். சூடு உன்னுது, அதனால கூலி வாங்காம நீ மாட்டணும். சம்மதமா?”

“சம்மதம் டீச்சர்!” என்றாள் கைராசி. மூன்று தடவை சொன்னாள். மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போன மாதிரி இருந்தது.

“ஆமா, நீங்க பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க?” என்று அத்தானைக் கேட்டார் தலைமையாசிரியை.

“கழுகுங்க” என்றார் அத்தான், மாட்டிக்கொண்ட குரலில்.

“அதை எங்க தம்பி கண்ணுல காட்டாதீங்க.”

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தே போனார்கள். தெருமுனை வரைக்கும் அக்கா திட்டுவது கேட்டது, நடு நடுவே சிரிப்பும் கேட்டது. கைராசி அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அத்தான் ஸ்டிக்கர் கட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து புதுக்கடைச் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார்.

“என்ன அத்தான், கண்ணாடிய உடைச்சவளுக்கா சாவி?”

“கழுகை ஒட்டியிருந்தேன்னா உனக்கு வேலை மிச்சம், எனக்குச் செலவு மிச்சம். நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்” என்றார் அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு. “ரெண்டு கடையிலயும் என்னை மாதிரியே ஆளு இருந்தா, அந்தம்மா யாரை நம்பி வண்டி ஓட்டறது?”