நடு ஆற்றில் நின்ற வாசிப்பு

கருவேலந்துறையின் திருநூல் நம்பிக்கை உள்ளவர்கள் கையில் திறக்காது. கும்பிட்ட கை பட்டால் அட்டை இறுகிக்கொள்ளும். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! ஆகவே வருஷாவருஷம் திருவிழாவுக்கு ஒரு வெளியூர் நாத்திகரைத் தேடிப் பிடித்து, வடை பாயசத்தோடு இலை போட்டு, வாசிக்க உட்காரவைப்பார்கள். வெறும் நாத்திகர் போதாது. மனசைத் திறந்துவைத்து வாசிக்கிறவராக இருக்கவேண்டும். நக்கல் செய்தாலும் நூல் மூடிக்கொள்ளும்.

போன வருஷம் அதுதான் நடந்தது. பக்தர்கள் ஆற்றைக் கடக்கிற கட்டத்தில், வாசிக்க வந்த மனிதர் குபீரென்று சிரித்துத் தொலைத்தார். நூல் பட்டென்று மூடிக்கொண்டது. பக்தியோடு கேட்கிறவர்கள் கதைக்குள் போய்விடுவது எந்த ஊரிலும் உள்ளதுதான். வாசிப்பு முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். வாசிப்பு நின்றுபோனதால் முன்வரிசை முழுக்க நூலுக்குள்ளேயே நடு ஆற்றில் நின்றுவிட்டது. அதில் சௌந்தரியும் ஒருத்தி.

அவள் புருஷன் தென்னவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், உள்ளூரின் ஒரே நாத்திகன். அந்தக் கூத்துக்குப் பிறகு வெளியூர் ஆள் எவரும் வர மாட்டேனென்றதால், இந்தத் திருவிழாவுக்கு அவனையே உட்காரவைத்தார்கள்.

"தென்னவா, சிரிச்சுடாதப்பா," என்றார் தர்மகர்த்தா சிவக்கொழுந்து.

"நான் சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

"கும்பிட்டுடவும் கூடாது."

அவன் பயமே அதுதான். ஒரு வருஷமாகத் தனியாகச் சோறு பொங்கித் தின்றவன். பெண்டாட்டி கரையேறினால் போதுமென்று அடிவயிற்றிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தான். அந்த ஏக்கத்துக்கும் கும்பிடுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு? நூலிழைதான்.

தாங்களும் கதைக்குள் போய்விடாதபடி ஊரே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டது. தென்னவன் நூலைத் திறந்தான். பக்கம் ஈரமாக இருந்தது.

"ஆறு பெருகிற்று. அவர்கள் அஞ்சாது நின்றனர்."

முந்தி என்றால் 'ஆமாம், நின்று கிழித்தார்கள்' என்றிருப்பான். இப்போது, ஏன் அஞ்சவில்லை என்று நிஜமாகவே யோசித்தான். அடுத்த வரி தெளிந்தது.

"இறைவன் பெயரைச் சொல்லியபடி அடிவைத்தனர்."

சொல்லட்டுமே, தண்ணீரில் நிற்கிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று நினைத்தான். தாளில் கூட்டம் ஓரடி நகர்ந்தது. கடைசி ஆளாகச் சௌந்தரி நின்றாள். தண்ணீர் அவள் கழுத்தளவு இருந்தது.

"என்னங்க, குளிருது," என்றாள்.

அடுத்த வரியை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

"வெள்ளம் தலைக்கு மேல் வந்தது."

அவள் கொண்டை முழுகுவதைப் பார்த்தான். ஐயோ, எந்த மனிதன் தாங்குவான்?

"கடவுளே, அவளைக் காப்பாத்து!"

சொன்னது வாய் மட்டுமில்லை, ஆள் முழுக்கச் சொன்னான். நூல் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மூடியது.

உள்ளே தண்ணீர் ஜில்லென்றிருந்தது. வெள்ளம் ஒரு சாண் வடிந்து, எல்லார் தலையும் வெளியே தெரிந்தது. சௌந்தரி அவன் தோளைப் பற்றினாள்.

"கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டுட்டேன்."

"அடப்பாவமே! நான் கும்பிடுறதை மாசியோட விட்டுட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு."

நம்பிக்கை இல்லாத கைக்குத் திறக்கிற நூல்தானே? அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளிருந்தபடியே, பானை மூடியைத் தள்ளுவதுபோல் தலைக்கு மேலிருந்த பக்கத்தைத் தள்ளி ஏறிப் போனாள். மேலே அவள் சேலை பிழியும் சத்தமும், பிறகு தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்டன.

தென்னவன் அண்ணாந்து பார்த்தான். ஒரு வருஷம் ஆற்றில் நின்றவள். அவளுக்குள் இருக்கும் ஆத்திரத்தில் ஒரு 'ஹும்' வந்தால் போதும், இவர்கள் கதி அவ்வளவுதான்.

அவள் வாசித்தாள். ஒவ்வொரு சொல்லையும் முதல்முறை கேட்கிறவளாக நிதானமாக வாசித்தாள். தண்ணீர் மார்புக்கு இறங்கியது. பிறகு முழங்காலுக்கு.

பக்கத்தில் நனைந்து நின்றிருந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "வாசிக்கிறது உங்க சம்சாரமா?"

"ஆமாங்க சாமி."

"என்னை நம்புறாங்களா?"

"இல்லைங்க சாமி."

"அப்பாடா," என்ற கடவுள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.