முதலாளி ஏறினால் படுத்துக்கொள்ளும் கார்

தொண்ணூற்றெட்டில் கோவையில் கம்ப்யூட்டர் வைத்துக் கார் பார்த்த பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தானுங்க" என்பேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும்.

தம்பிதுரை அப்படி எட்டிப் பார்க்கவில்லை, அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பம்புசெட் ஃபேக்டரி முதலாளி. அவிநாசி ரோட்டில் இருந்த எங்கள் பட்டறை வாசலில் வெளிநாட்டுக் காரை நிறுத்திவிட்டு, வந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மணி, நான் ஏறுனா வண்டி படுத்துக்குது. எறங்குனா ஓடுது. மெட்ராஸ்ல காட்டியாச்சு, பெங்களூருல காட்டியாச்சு. வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லீங்கறாங்க. அப்ப கோளாறு டிரைவருகிட்டத்தான?"

அந்த டிரைவர் கண்ணையா பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

"இவனுக்குப் பழைய அம்பாசிடர் மேலதான் ஆசை. தானா கியர் மாத்தற வண்டி இவனுக்குப் புடிக்கலை, என்னமோ பண்றான். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன்."

கண்ணையாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அந்த வயதில் இன்னொரு முதலாளி கிடைப்பது சுலபமில்லை. அவர் துணியை எடுத்துக் காரின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு முதலாளி ஆட்டோ பிடித்துப் போனார்.

அந்தக் காரில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, கியருக்கு ஒரு பெட்டி. இரண்டும் இரண்டே ஒயர் வழியாக விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் கியர்ப் பெட்டி பயந்துபோய் ஒரே கியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கார் ஊர ஆரம்பித்துவிடும், ஓரங்கட்டி நிறுத்தத்தான் வேண்டும். அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். என் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பேச்சு பல தடவை அறுந்திருக்கிறது என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை, அதற்கு அவ்வளவு அறிவு கிடையாது. ஒயரை ஆட்டினேன், இழுத்தேன், சூடுகாட்டினேன். கார் சமர்த்தாக நின்றது.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் கிளம்பினோம். கண்ணையா ஓட்டினார், நான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். துடியலூர் போனது, பெரியநாயக்கன்பாளையம் போனது, கோளாறு மட்டும் வரவே இல்லை. சித்திரை வெயில். ஜன்னல் வழியாக அனல் அடித்தது.

"ஏசியப் போடுங்கண்ணா, செத்துருவேன்."

"மொதலாளி இல்லாதப்ப நான் ஏசி போடறதில்லீங்க அம்மணி. அவரு டீசல்ல நான் குளுகுளுன்னு போனா நல்லா இருக்குங்களா?"

"எப்பவுமே போட்டதில்லையா?"

"அவரு ஏறுனாத்தானுங்க போடுவேன். அவருக்கு ஃபுல்லா வேணும்."

நானே கையை நீட்டி ஏசியை முழுசாகத் திருகினேன். காரமடை வருவதற்குள் கார் படுத்துக்கொண்டது. என் மடியில் ஸ்கேனர் கீச்சென்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணையாவின் தோளில் ஓங்கித் தட்டிவிட்டேன். மனுஷர் நடுங்கிப்போனார்.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தோம். பேசும் ஒயர்கள் இரண்டும் ஏசி கம்ப்ரசரின் ஒயரோடு சேர்த்து வரிசையாக, நூல் பிடித்த மாதிரி நேராகக் கட்டப்பட்டிருந்தன. அவ்வளவு நேர்த்தியைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போது அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும். பக்கத்து ஒயரின் மின்சார இரைச்சல் பேச்சுக்குள் புகாமல் இருப்பதற்காகத்தான் அந்த முறுக்கு. இங்கே முறுக்கைப் பிரித்து, ஏசி போட்டதும் இரைச்சல் போடுகிற ஒயரோடேயே கட்டிவைத்திருந்தார்கள்.

"இது யார் பண்ணின வேலை?"

கண்ணையா ரோட்டோரப் புளியமரத்தைப் பார்த்தார். "எலி கடிச்சுப்போட்டுதுன்னு சொல்லிக்கலாமுங்களா?"

"எலி நூல் போட்டுக் கட்டுமாண்ணா?"

"மொதலாளிதானுங்க," என்றார் மெதுவாக. "ஒயரு கோணல்மாணலா முறுக்கிக் கெடக்குதேன்னு பிரிச்சு நேராக் கட்டுனாருங்க. நம்ம பம்புசெட்டுப் பொட்டியில எல்லாம் அப்படித்தானுங்க. நான்தான் டார்ச் புடிச்சேன்."

"அதுக்கப்புறந்தான் நிக்க ஆரம்பிச்சுதா?"

"ஆமாங்க."

"அதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அவரு கையால செஞ்ச வேலையை நான் எப்படிங்க குத்தஞ்சொல்றது?"

"வேலை போனாலும் சொல்லமாட்டீங்க, அப்படித்தானே!" என்று கத்திவிட்டேன். லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

பட்டறைக்கு வந்ததும் ஒயர்களை முறுக்கி, கம்ப்ரசர் ஒயரிலிருந்து தள்ளிக் கட்டினேன். சாயங்காலம் தம்பிதுரையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஏசியை முழுசாகப் போட்டு, கண்ணையா ஓட்ட, அவிநாசி வரை போய்த் திரும்பினோம். கார் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

நான் எதையும் பூசி மெழுகவில்லை. ஏசி விஷயத்தைச் சொன்னேன், ஒயரைச் சொன்னேன், நேராகக் கட்டிய கை யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "செரி, உடு கண்ணையா. நீயே இரு" என்று வண்டியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

கண்ணையா அதை வாங்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. வண்டி ஏன் நிக்குதுன்னு மெட்ராஸ்ல கேட்டீங்க, பெங்களூருல கேட்டீங்க. இந்த அம்மணிகிட்டக் கேட்டீங்க. என்னையத்தானுங்க ஒரு வார்த்தை கேக்கலை."

இத்தனை மரியாதையாக ஒருவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தம்பிதுரை நீட்டிய கையை இறக்காமலே நின்றார்.

"இப்பக் கேக்கறன், கண்ணையா. சொல்லு."

கண்ணையா பானெட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இனிமே ஒயருல கை வெக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தம்பிதுரை சிரிக்கவில்லை.

"வெக்கலை," என்றார்.

அதற்குப் பிறகுதான் கண்ணையா சாவியை வாங்கிக்கொண்டார்.