பல்லில் கடித்த நார்

அருண் ஜோசப் அதைப் போகிறபோக்கில்தான் சொன்னான்.

வாளியைத் தினமும் கழுவிக் கவிழ்க்க வேண்டும், தண்டைச் சாய்த்து வெட்ட வேண்டும், தண்ணீருக்குள் முங்குகிற இலைகளை உருவிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். "அப்பறம் அக்கா, மார்க்கெட்டுப் பூவத் தொட்டீகன்னா கையக் கழுவுங்க. நாரு, நூலு எதையும் வாயில வைக்காதீக. மருந்து அடிச்ச பூவு. கையில உள்ளது நாருல ஏறும், நாருல உள்ளது வாய்க்குப் போகும்" என்றான். அப்படியே திரும்பி, கோழிக்கூண்டுக் கம்பிவலையை உருட்டி மண்சட்டிக்குள் வைப்பது எப்படி என்று காட்டப் போய்விட்டான்.

பவானியின் கையில் இருந்த கத்தரி நின்றுவிட்டது.

கூடலூரில் ஒரு பழைய நெல் குடோனில் நடந்த வகுப்பு அது. குமுளி, தேக்கடிப் பக்கத்து விடுதிகளில் இப்போது பெங்களூர்ப் பூ வேண்டாம், இந்தப் பள்ளத்தாக்கில் அந்தந்த மாதம் பூக்கிற பூ போதும் என்று கேட்கிறார்களாம். மருந்தடிக்காத பூவாக இருக்க வேண்டும். தண்டைக் குத்தி வைக்கிற பச்சை ஸ்பாஞ்ச் கூடாது. அது மக்காமல் கிடந்து மண்ணைக் கெடுக்கும். அதற்குப் பதில் வாழைமரத்தைத் துண்டு போட்டு அதில் குத்தலாம், வலையை உருட்டி வைக்கலாம். கொச்சியில் வேலை பார்த்துத் திரும்பிய அருண் ஜோசப் இதைக் கற்றுக்கொடுத்தான். பவானியின் புருஷன் சுருளிராஜன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர். குமுளியில் யாரோ சொல்லக் கேட்டு, "பத்து செண்டு நெலம் சும்மாத்தான கெடக்கு, போயிப் படி" என்று அனுப்பிவைத்தார்.

"தம்பி, இப்ப என்ன சொன்னீக?" என்றாள் பவானி.

"வலைய ரொம்ப இறுக்கிச் சுருட்டக் கூடாதுன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

அவன் திரும்பச் சொன்னான். வாளி கழுவுவதைச் சொன்ன அதே குரல்தான்.

"இத எங்க படிச்சீக?"

"படிக்க என்னக்கா இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

எல்லாருக்கும் தெரிந்ததுதானே! பவானிக்கு அவன் மூஞ்சியில் வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும் போல இருந்தது. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? பதினெட்டு வருடம் கம்பம் பஜாரில் கருத்தக்கண்ணன் பூக்கடையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, நார் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பூக்கட்டிய அவள் அக்கா முனீஸ்வரிக்கு யார் சொன்னது?

முனீஸ்வரியின் கைவாகு அது. நாரைப் பல்லால் இரண்டாகக் கிழிப்பாள். காய்ந்துபோனால் உதட்டில் வைத்து நனைத்துக்கொள்வாள். முனையைக் கடித்துப் பிடித்துக்கொண்டால்தான் முடிச்சு இறுகும் என்பாள். பேச வேண்டியிருந்தாலும் நாரை எடுக்க மாட்டாள். பல்லிடுக்கிலேயே பேசுவாள், சிரிப்பாள். முதலில் நாக்கில் புண் வந்தது. வெற்றிலை போடுகிறாயா என்று கேட்டார்கள். அவள் போட்டதே இல்லை. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு ரத்தம் கெட்டுப்போனது என்றார்கள். எதனால் என்று கேட்டதற்கு, "அப்படிக் குறிப்பாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். மாசியில் போய்விட்டாள்.

கருத்தக்கண்ணன் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். காசு வாங்காமல் ஆள் உயர மாலை மூன்று அனுப்பினார். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டியவை. அக்காவின் நெஞ்சில் கிடந்ததும் அதே மருந்துப் பூதான்.

அவளுடைய கோபத்துக்கு எந்தக் காகிதமும் சாட்சி இல்லை. டாக்டரே சொல்லாததை அவள் எப்படி நிரூபிப்பாள்? ஆனால் ஒன்று மட்டும் தெரியும். அக்கா உட்கார்ந்த அதே சாக்கில் இப்போது அக்காவின் மகள் கௌமாரி உட்கார்ந்திருக்கிறாள்.

கௌமாரியின் அப்பன் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே திருப்பூருக்குப் போகிறேன் என்று போய்த் திரும்பாதவன். அக்கா போன பிறகு பெண் பவானியின் வீட்டில்தான் இருந்தாள். பத்தொன்பது வயது. காலேஜை நிறுத்திவிட்டாள். கடைக்குப் போகாதே என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே பவானி விஷயத்தைச் சொன்னாள்.

"வாயில வைக்காமக் கட்டுனாப் போச்சு" என்றாள் கௌமாரி.

"நீ வைக்கிற. நான் பாத்தேன். ஒங்காத்தா மாதிரியே கடிக்கிற."

"அம்மாகிட்டதான கத்துக்கிட்டேன். வேற எப்படிக் கடிப்பேன்?"

"அந்தக் கடைக்கே போவேணாம்டி. நம்ம நெலத்துல செண்டுமல்லி வந்துருக்கு, வாடாமல்லி வந்துருக்கு. எனக்குத்தான் ஒத்தாசைக்கு ஆள் இல்ல."

"ஒன் கோழிக்கொண்டைப் பூச்செடியப் பாத்தேன் சித்தி. எலையெல்லாம் சல்லடை. அத வெலைக்கு வாங்குறவன் குருடனாத்தான் இருக்கணும்."

"புழு தின்னுருக்கு. தின்னுட்டு உசுரோட இருக்குல்ல?"

கௌமாரி எழுந்துகொண்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்கன உக்காந்தாத்தான் அம்மா பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. கூடக் கட்டுற எப்சிபா அக்கா, அம்மா சொன்ன பழமையெல்லாம் சொல்லுது. இங்கன நீ பேசுறதே இல்ல. எந்நேரமும் மொறச்சுக்கிட்டே இருக்க."

அது உண்மை. உண்மை என்பதால் பவானிக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆவணி பிறந்தது. ஓணத்துக்கு மலை ஏறுகிற பூ மூட்டைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. பவானி வகுப்புக்கும் நிலத்துக்குமாக அலைந்தாள். வெயில் தாழ வெட்டிய பூவை இருட்டறையில் தண்ணீரில் நிறுத்தப் பழகினாள். மல்லி இல்லாத மாதத்தில் மல்லி கேட்பவர்களிடம், "இப்ப இல்ல, இருக்கத வச்சுச் செஞ்சு தாரேன்" என்று சொல்லப் பழகினாள். வாழைத்துண்டில் செண்டுமல்லியையும் துளசியையும் குத்தி, இடையில் நாணல் கதிரைச் சொருகி அவள் செய்து வைத்ததை அருண் ஜோசப் போட்டோ எடுத்தான். "அக்கா, ஒங்க கையி கோவத்துலதான் நல்லா வேலை செய்யிது" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தண்டை வெட்டும்போதும் அவளுக்கு ஒரே நினைப்புதான். மருந்தில்லாமலும் பூ பூக்கிறது. கண்ணெதிரே பூத்து நிற்கிறது. அப்படியானால் அக்கா எதற்குப் போனாள்?

கௌமாரி ஒருநாள் காலையில் காபியை ஊதி ஊதிக் குடித்தாள். "நாக்குல லேசா எரியிது" என்று தானாகவே சொல்லிவிட்டு, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடி பஸ் ஏறிவிட்டாள்.

பவானி அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

கடையில் முகூர்த்தக் கூட்டம். பெண்கள் மூன்று பேர் சாக்கில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா, பேர் தெரியாத ஒரு புதுப் பெண், நடுவில் கௌமாரி. மூன்று வாயிலும் நார். சற்றுத் தள்ளி, தாடி மழிக்காத ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து மாலைக்குக் காத்திருந்தார்.

"கௌமாரி, எந்திரி" என்றாள் பவானி.

எப்சிபா நாரை எடுக்காமலே சிரித்தாள். "வந்துட்டாக மகாராணி! குமுளி ஓட்டலுக்கெல்லாம் பூச்சொருகுற ஆளு. எங்க சாக்குல ஒக்காந்தா சேலை அழுக்காயிரும் ஆத்தா."

"நீயும் எந்திரிடி எப்சிபா. வாயில இருக்கதத் துப்பு."

கருத்தக்கண்ணன் பூவை நிறுத்துக்கொண்டிருந்த தராசை விட்டுவிட்டு வந்தார். "ஏத்தா பவானி, காலங்காத்தால என்ன? யாவார நேரம்."

பவானி சொன்னாள். அக்காவின் நாக்கு, மருந்து, நார் எல்லாவற்றையும் உடைந்த குரலில், முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, கூடி நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

"அட கிறுக்குப் புள்ள. மருந்து அடிக்காம இந்தக் காலத்துல எவன் பூ வளக்குறான்? கத்திரிக்காய்க்கே அடிக்கிறான், அத மூணு வேளையும் திங்கிறோம். பூவ யாரு திங்கப் போறா?"

"எங்கக்கா தின்னா."

சிரிப்பு அடங்கியது.

"ஒவ்வொரு முடிச்சுக்கும் தின்னா. பதினெட்டு வருசம் ஒங்க கடையில ஒக்காந்து தின்னா." பவானி குனிந்து, கௌமாரியின் மடியில் கிடந்த ஈர நாரை உருவினாள். அவள் கட்டிக்கொண்டிருந்த ரோஜாக்குவியலில் அதைப் புரட்டி எடுத்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பூவத் திங்க வேணாம் அண்ணே. இத மட்டும் பல்லுல கடிங்க. நான் போயிர்றேன்."

"எனக்குப் பூக்கட்ட வராதுத்தா."

"கட்ட வேணாம். கடிங்க."

அவர் நாரை வாங்கினார். வாங்காமல் இருந்தால் தோற்றது போலாகிவிடும் என்று வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அந்த இடத்தில் கை நின்றது. அவருக்கே அது எதிர்பாராதது போல, தன் கையையே பார்த்தார். பிறகு, "வெளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு" என்று சொல்லி நாரைத் தரையில் போட்டார். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அந்தத் துடைப்பைக் கௌமாரி பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். அவள் வாயில் இன்னொரு நார் இருந்தது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். "காலையில மூட்டையப் பிரிக்கும்போது துண்ட மூக்கச் சுத்திக் கட்டுறீகளே, எதுக்கு?"

"தூசிக்கு."

"பூவுல என்னண்ணே தூசி?"

கருத்தக்கண்ணன் திரும்பிக்கொண்டார். தராசுக்குப் போய், யாரும் கேட்காத பூவை நிறுக்கத் தொடங்கினார்.

பவானி கௌமாரியின் கையைப் பிடித்தாள். அப்போது ஸ்டூலில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். "தாயீ, சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. லோயர்கேம்ப்புல எங்காத்தா தவறிருச்சு, எடுக்கணும். இந்த மாலைக்குத்தான் நிக்கிறேன்" என்றார். அவர் யாரிடமும் கோபப்படவில்லை. அழுது முடித்தவர் போல இருந்தார்.

மாலை பாதியில் கிடந்தது. கௌமாரி சித்தியின் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். நாரை எடுத்தாள். பழக்கத்தில் வாய்க்குப் போன கை திரும்பி வந்தது. பல் இல்லாமல் முடிச்சு இறுகவில்லை. ஒருமுறை அவிழ்ந்தது. மறுமுறையும் அவிழ்ந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பூவைத் தொடக் கூடாது என்று நினைத்துத்தான் பவானி வந்திருந்தாள். பெரியவரைப் பார்த்தாள். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, டம்ளர்த் தண்ணீரில் நாரை நனைத்து, ஒரு முனையை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்தாள். அக்காவின் பல் செய்த வேலையை அவள் விரல்கள் செய்தன. கௌமாரி கட்டினாள். சித்தியும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரோஜாவிலிருந்து ரோஜா வாசம் வரவில்லை. பவானிக்கு அன்றுதான் அது உறைத்தது. கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. பெரியவர் மாலையை வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கௌமாரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். சேலை நுனியால் நாக்கை அழுத்தித் தேய்த்தாள்.

"போதும்டி" என்றாள் பவானி.

"ஒனக்கு என்ன? நாலு பேரு முன்னாடி கத்தணும். கத்திட்ட. இனி எனக்கு அங்கன எடம் இல்ல." கௌமாரியின் முகமெல்லாம் தண்ணீர். "அம்மா இருந்த எடம் அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்ட."

"ஆமா. புடுங்கிட்டேன்."

"தப்புன்னு கூடச் சொல்ல மாட்ட."

"மாட்டேன்."

கௌமாரி அவளை வெறித்துப் பார்த்தாள். கன்னத்தில் இரண்டு அடி அடித்துவிடுவாளோ என்று தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பவானி நின்றாள்.

"அந்தாளுக்குத் தெரியும் சித்தி" என்றாள் கௌமாரி. குரல் மாறிவிட்டது. "தினமும் காலையில மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் பிரிப்பாரு. பிரிச்சு எங்க மடியில கொட்டுவாரு. அம்மா மடியிலயும் அப்படித்தான கொட்டியிருப்பாரு? ஒரு வார்த்தை... ஏத்தா, வாயில வைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

 கூடலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவினார். அவள் படியில் ஒரு காலை வைத்து, "வா" என்றாள்.

கௌமாரி வரவில்லை. கடைப் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தாள்.

"எப்சிபா அக்கா இன்னும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள். "அந்தப் புதுப் புள்ளைக்கு வயித்துல மூணு மாசம்."

சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாலையைக் குறுக்கே கடந்து கடையை நோக்கி வேகமாக நடந்தாள். பவானி படியிலிருந்து காலை எடுத்தாள். பஸ் கிளம்பிப் போனது.