குறுக்குக் கோடு

"இது செல்லாதுங்க" என்றார் சேர்க்கை அலுவலர்.

சொன்னதோடு நிற்காமல், கண்ணாடித் தடுப்பின் அடியில் இருந்த சந்து வழியாக விண்ணப்பத்தை இரண்டே விரலால் வெளியே தள்ளினார். பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நண்டுவின் கையெழுத்து, பக்கத்திலேயே அவள் அப்பாவின் கையெழுத்து.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். இரண்டாம் சுற்று விண்ணப்பங்களுக்கு இன்றுதான் கடைசி நாள்.

நண்டுவுக்குப் பதினேழு வயது. தவழுகிற காலத்தில் பக்கவாட்டில் நகர்ந்தாள் என்று வீட்டில் வைத்த பெயர். இப்போது அப்பாவைவிட அரை அடி உயரமாகிவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

"ஏன் சார் செல்லாது?"

அலுவலர் பேனா முனையால் மூன்றாம் பக்கத்தைத் தட்டினார். முதல் விருப்பம் என்ற கட்டத்தில் 'வானிலை அறிவியல்' என்று நண்டுவின் குண்டு எழுத்து. அதன் கீழே இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்து, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு குறுக்குக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது. கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுருக்கக் கையெழுத்து. கூடவே தேதியும்.

"பயன்படுத்தாத கட்டங்களைக் காலியாக விடவும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. யார் கிறுக்கினது?"

நண்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான்தான்" என்றார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஓர் அலுவலகக் கட்டடத்தில் பிரேக்கைச் சரிபார்க்க நேரமில்லாமல், பராமரிப்புப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார். அன்று மாலையே யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கட்டத்தில் 'சரி' என்று எழுதிவிட்டான். மறுநாள் காலை லிஃப்ட் இரண்டு மாடி வழுக்கியது. ஒருவருக்குக் கால் முறிந்தது. விசாரணையில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கையெழுத்து உங்களுடையதுதானே?"

அன்றிலிருந்து அப்பா எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் கருத்து' என்ற இடத்தில் குறுக்குக் கோடு. அம்மாவின் மளிகைப் பட்டியலில் கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு. "அப்புறம் ஞாபகம் வந்தா நான் உப்பை எங்கங்க எழுதுறது?" என்று அம்மா கேட்டால், "புதுத் தாள் எடு" என்பார்.

அந்தக் கை, இன்று காலை தன் வேலை வேனுக்குள் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டபோது, தானாகவே ஸ்கேலைத் தேடியிருக்கிறது.

"அப்பா" என்றாள் நண்டு. குரல் தாழ்ந்திருந்தது. அவள் கத்தாமல் பேசினால்தான் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். "விடுமுறை முழுக்க ஆறு காலேஜ் ஏறி இறங்கினோம். இந்த ஒரு இடத்துலதான் நான் கேட்ட படிப்பு இருக்கு. இருபதே சீட்டு."

அப்பா ஸ்கேலைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகினார்.

"புது ஃபார்ம் ஒண்ணு தர்றேன்" என்றார் அலுவலர், பெரிய மனதோடு. "ரெண்டாவது, மூணாவது கட்டத்தை அப்படியே விட்டுடும்மா. கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

பின்னால் நின்றிருந்த அம்மாவையும் சேர்த்து மூவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நண்டு மடியில் பையை வைத்து, அதன்மேல் ஃபார்மை வைத்து வேகவேகமாக எழுதினாள்.

இந்தக் கல்லூரிக்கு அவர்கள் வருவது இரண்டாவது முறை. ஒரு மாதத்துக்கு முன்பு சுற்றிப் பார்க்க வந்தபோது, ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்தார்கள். ஐந்தாவது மாடி மொட்டைமாடியில் இருந்த காற்றுமானியையும் மழைமானியையும் விட்டு நண்டு நகரவே மாட்டேன் என்றாள். வீட்டு மொட்டைமாடியில் அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்று வருடமாக மழையை அளந்து நோட்டில் எழுதி வருகிறவள் அவள். "துணியைக் காயப்போடலாமா வேண்டாமான்னு ஒரு நாள் சரியாச் சொல்லு, அப்புறம் உன்னைச் சேர்க்கிறேன்" என்பது அம்மாவின் வழக்கமான சீண்டல்.

அப்பா பார்த்தது லிஃப்டை. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். மாதத்துக்கு ஒரு கட்டம். பன்னிரண்டு மாதமும் 'சரி' என்று டிக்.

"ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்" என்றார். "ஒரு வருஷத்தை ஒரே நாள்ல சோதிச்சிருக்கான். நீ இங்க சேர்ந்தா படியிலயே ஏறு."

அன்று நண்டு சிரித்தாள்.

இப்போது சிரிக்கவில்லை. எழுதி முடித்து, ஃபார்மை அப்பாவிடம் நீட்டினாள். "கையெழுத்து."

அப்பா ஒன்றாம் பக்கம் போட்டார். இரண்டாம் பக்கம் போட்டார். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. இரண்டு காலிக் கட்டங்கள் அவரைப் பார்த்தன.

"பதினோரு வருஷமா நான் இப்படிப் போட்டதில்ல, நண்டு."

"தெரியும்பா. இன்னைக்கு ஒரு தடவை. எனக்காக."

அப்பா போட்டார். கையெழுத்தின் வால் நடுங்கியிருந்தது. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மா மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பதினான்கு வருடமாகக் கவுன்ட்டரின் அந்தப் பக்கத்தில் உட்காருகிறவள். எந்தக் கவுன்ட்டரைப் பார்த்தாலும் முதலில் ஆளைப் பார்க்கமாட்டாள், ஆளின் கையைப் பார்ப்பாள்.

கவுன்ட்டரில் இப்போது ஒரு பேக்கரிக்காரர் நின்றிருந்தார். காலணி ஓரமெல்லாம் மாவு. பக்கத்தில் அவர் மகள். கையில் முதல் சுற்றுக் கடிதம்.

"சார், பொண்ணு கணக்குதான் கேட்டா. இதுல பேக்கேஜிங்னு வந்திருக்கே."

அலுவலர் கோப்பை உருவி, கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். "இதோ பாருங்க, ரெண்டாவது விருப்பம் பேக்கேஜிங். நீங்க கேட்டதைத்தானே கொடுத்திருக்கோம்? ரெண்டாவது கிடைச்சாச்சுன்னா முதல் விருப்பப் பட்டியல்ல பேர் இருக்காது. விதி."

"நாங்க அதைக் காலியா விட்டோமே சார்."

"காலியா விட்டா எழுத்து எப்படி வரும்? ஆவி வந்து எழுதிட்டுப் போச்சா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் கூச்சத்தில் சிரித்தார். அவர் மகள் சிரிக்கவில்லை.

அம்மா நண்டுவின் முழங்கையைப் பிடித்தாள். "அந்தப் பொண்ணு எழுத்து என்ன நிறம்?"

"நீலம்."

"ரெண்டாவது கட்டம்?"

நண்டு கண்ணைச் சுருக்கினாள். "ஊதா."

"அந்த ஆள் கையில இருக்கிற பேனா?"

நண்டு எட்டிப் பார்த்தாள். அதன் மூடியும் ஊதா.

"எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்" என்றாள் அம்மா. "நானே செய்ற வேலைடி இது. 'எப்ப வேணாலும் வர்றேன், நீங்களே ஒரு நேரம் போடுங்க'ன்னு சொல்ற பேஷன்ட்டை நான் எங்க போடுவேன் தெரியுமா? பகல் ரெண்டு மணிக்கு. டாக்டர் சாப்பிட்டுட்டுத் தூங்கி வழியற நேரம். யாரும் வேணாங்கற நேரம். காலியா விட்டவங்க தலையிலதான் அதைக் கட்டுவேன். இவங்க புதுசா பேக்கேஜிங்னு ஒரு படிப்பு ஆரம்பிச்சிருக்காங்க, சேர ஆளில்ல. புரியுதா?"

நண்டுவுக்குப் புரிந்தது. லிஃப்ட் அட்டையின் பன்னிரண்டு டிக்குகளும் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. இந்த ஃபார்ம் இப்படியே உள்ளே போனால், நாளைக்கு ஊதாப் பேனா அந்தக் கட்டத்துக்குள் இறங்கும். வானிலைப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. கேட்டால், கையெழுத்து உங்களுடையதுதானே என்பார்கள்.

மணி மூன்று இருபத்தைந்து.

"அப்பா, ஸ்கேல் கொடுங்க."

அப்பா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பேனாவும்."

நண்டு மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பில் கோடு போட்டாள். சுருக்கக் கையெழுத்து. தேதி. ஒரு கணம் யோசித்து, நேரத்தையும் எழுதினாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள். அவர் பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். இந்த முறை வால் நடுங்கவில்லை.

கவுன்ட்டரில் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மறுபடியுமா? உங்க அப்பாவுக்கு ஒரு தடவை சொன்னாப் புரியாதா?"

"இது அப்பா போட்டதில்ல சார். நான் போட்டது."

"வாங்க முடியாது. விதியைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். காலியா விடணும்னா, யாரும் எதுவும் எழுதக் கூடாதுன்னுதானே அர்த்தம்? இப்ப இதுல யாராலயும் எதுவும் எழுத முடியாது. உங்க விதியை உங்களைவிட நான் பத்திரமாப் பாத்துக்கறேன். கோடு போட்டாச் செல்லாதுன்னு ஒரு வரி இருந்தாக் காட்டுங்க, போயிடறேன்."

அலுவலர் காட்டவில்லை. "வாய் மட்டும் நல்லா நீளுது" என்றார்.

"அது என் பக்கம்" என்றாள் அம்மா. "வாங்க மாட்டீங்கன்னா, ஏன் வாங்கலைன்னு ஒரு தாள்ல எழுதி, நேரம் போட்டு, சீல் வச்சுக் கொடுத்திடுங்க. உங்க பேனாவுலயே எழுதுங்க சார். அந்த ஊதாப் பேனாவுல."

அலுவலரின் கை பேனாவை மேஜைக்கு அடியில் கொண்டுபோனது. இழுப்பறை திறந்து மூடும் சத்தம் வரிசையில் கடைசி ஆள்வரை கேட்டது.

பேக்கரிக்காரர் இன்னும் போகவில்லை. அவர் மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். "சார், என் ஃபார்மை இன்னொரு தடவை காட்டுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேணாம். கையில கொடுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா."

"அப்ப நாங்களும் எங்கேயும் போகல" என்றார் பேக்கரிக்காரர். "நாலு மணி ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி. கடையை என் தம்பி பாத்துக்குவான்."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள், நண்டுவின் தோளைத் தொட்டாள். "அந்த ஸ்கேலைக் கொஞ்சம் கொடும்மா."

நண்டு கொடுத்தாள். ஸ்கேல் அந்த அம்மாளிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. பெஞ்சில், சுவரில், ஒருவர் முதுகில் இன்னொருவர் என்று ஃபார்ம்கள் விரிந்தன. கோடு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவிடம் ஒருவர், "சுருக்கக் கையெழுத்து கோட்டுக்கு மேலயா கீழயா?" என்று கேட்டார். "கோட்டு மேலயே படணும்" என்றார் அப்பா, பதினோரு வருட அனுபவத்தோடு. "இல்லேன்னா கோடு தனி, நீங்க தனி."

மணி மூன்று ஐம்பது. எல்லா விண்ணப்பத்தையும் செல்லாது என்று தள்ளினால், மாடியிலிருந்து மேலதிகாரி யாராவது இறங்கி வந்து ஏன் என்று கேட்பார்கள். அலுவலருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. நண்டுவின் ஃபார்மை இழுத்துக்கொண்டார்.

"இந்த ஒண்ணு கிடைக்கலைன்னா உனக்கு இங்க வேற எதுவும் கிடையாது. தெரியுதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷமும் இதே கோடு போட்டுட்டுத்தான் வருவேன். ஸ்கேல் எங்ககிட்ட இருக்கு."

முத்திரை விழுந்தது. கொஞ்சம் ஓங்கியே விழுந்தது. நண்டு ரசீதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அடியில் 'குறிப்பு' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் கோடு போட்டு, சந்து வழியாகத் திருப்பி நீட்டினாள்.

"ஒரு சுருக்கக் கையெழுத்து, சார்."

போட்டார். நீலப் பேனாவில்.

ஒன்பதாவது நாள் பட்டியலைத் தரைத்தளச் சுவரில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். வானிலை அறிவியலில் பதினான்காவது பெயர் நண்டுவுடையது. வீட்டுப் பெயர் இல்லை, நல்லவேளை. அம்மா விரலால் கீழே இறங்கி, கணக்குப் பட்டியலுக்குப் போய், அன்று கடைசிவரை நின்று புது ஃபார்ம் வாங்கி நிரப்பிய பேக்கரிக்காரர் மகளின் பெயரையும் கண்டுபிடித்தாள். "மூணு கேக்காவது வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், லிஃப்ட் அட்டையின் முன்னால் நின்றிருந்தார். பன்னிரண்டு டிக்குகளுக்கு அடுத்து, இந்த மாதத்துக் கட்டம் காலியாக இருந்தது. அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை வெளியே எடுத்தார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"அப்பா, அது உங்க லிஃப்ட் இல்ல. காவலாளி பாக்கறார்."

"பாக்கட்டும்" என்றார் அப்பா, கோட்டை இழுத்தபடி. "அஞ்சாவது மாடிக்கு நீ மூணு வருஷம் போகணும். இனி எவனாவது இதுல டிக் போடணும்னா, முதல்ல என்னைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்."

சுருக்கக் கையெழுத்தைக் கோட்டின் மேலேயே போட்டார். தேதி எழுதினார். கீழே தன் தொலைபேசி எண்ணையும் எழுதினார்.

காவலாளி அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார். மூவரும் அசையாமல் அங்கேயே நின்றார்கள்.