அக்காவின் இடது கண்

அக்கா கண்ணை மூடியதும் தங்கை அழக்கூட நிற்காமல் கண் வங்கிக்குப் போன் போட்டாள். அக்காவே வாய்விட்டுக் கேட்டிருந்தது அது.

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தபோது அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொஞ்ச காலத்தில் மறுபடி புகை மூடியது. லேசர் வைத்தார்கள். பிறகு விழித்திரை பிய்ந்து, அந்தக் கண் ஒரேயடியாக இருண்டது. இடது கண்ணை யாரையும் தொட விடவில்லை.

"நான் போனப்புறம் இதை உன் லேபுக்கு எடுத்துக்கோடி. உன் மருந்தாவது உருப்படுதான்னு பாரு," என்று சிரித்தாள்.

தங்கையின் ஆராய்ச்சியே அந்தப் புகைதான். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் மெல்லிய பை ஒன்று மிஞ்சும். அதில் ஒட்டியிருக்கும் செல்கள் சும்மா கிடக்காமல் பரவிப் பார்வையை மறைக்கும். பரவச் சொல்லும் ஜீனின் வாயை அடைக்கத்தான் அவள் மருந்து.

அக்காவின் இடது கண்ணிலிருந்து புரையை எடுத்துவிட்டு, மிஞ்சிய பை லேபுக்கு வந்தது. எந்தப் பைக்கு மருந்து என்று போட்ட குலுக்கலில் அது மருந்தில்லாத பக்கம் விழுந்தது.

"மாத்தி வைக்கலாமா?" என்று கூட வேலை பார்ப்பவனிடம் கேட்டாள்.

"மாத்தினா மொத்தமும் பாழ். உனக்குத் தெரியாததா?"

அதன்பின் மைக்ரோஸ்கோப்பில் குனியும்போதெல்லாம் அக்காவின் பை இருந்த கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தாள். செல்கள் முண்டியடித்துக்கொண்டு தெளிந்த சவ்வின் மேல் ஊர்ந்தன. மனுஷியை அடக்கம் பண்ணியாயிற்று, இங்கே வளர்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் அத்தான் தினமும் கேட்பார்: "இன்னிக்கு அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா அத்தான்." அப்படித்தான் வாயில் வந்தது.

மருந்து போட்ட கிண்ணங்களில் பெரும்பாலானவை பளிச்சென்று இருந்தன. எல்லோரும் கைகுலுக்கினார்கள். சோதனை முடிந்தது, கிண்ணங்களைக் கொட்டிவிடலாம் என்றார்கள். மற்றதையெல்லாம் கொட்டினாள். அக்காவுடையதற்கு மட்டும் செல்களை உயிரோடு வைக்கும் சத்து நீரை மாற்றி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மதியம் அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் லேபுக்கு வந்து நின்றார். மறுக்க மனம் வரவில்லை. குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னைப் பார்க்கிறாளா?"

"இல்ல அத்தான். அது வெறும் பை. பார்க்கிற பாகமே இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு விரலால் தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தார். மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைக்கப் போன அவள் கை பாதியில் நின்றுவிட்டது.