அகட்டி வைத்த கால்

“அகட்டி மட்டும் நிக்காத, அவ்வளவுதான் கேக்கேன்,” என்றான் ராகேஷ். “அதே எடைதானே? காலைச் சேர்த்து வச்சும் தூக்கலாம்ல?”

ஷண்முகப்ரியா ஷூ லேஸை இறுக்கினாள். இன்னும் சற்று நேரத்தில் சைதாப்பேட்டை ஜிம்மில் டெட்லிஃப்ட் போட்டி. அறுபது கிலோ பாரைத் தரையிலிருந்து எடுத்து நிமிர வேண்டும். ஒரு நிமிடத்தில் யார் அதிக முறை தூக்குகிறாரோ அவருக்கே பரிசு.

“ஒரே தடவைன்னா எப்படி வேணா நிக்கிறேன். இது திரும்பத் திரும்பத் தூக்கணும். எனக்குக் கை குட்டை. காலைச் சேர்த்தா ரொம்பக் குனியணும், பாதியிலயே இடுப்பு பிடிச்சுக்குது. சுமோ மாதிரி அகட்டி நின்னா தொடைதான் எரியும், முதுகு தாங்கும். ரெண்டையும் செஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

“பெரியம்மா வேற வாராங்க. வீடியோ எடுப்பாங்க...”

மாமியார் புஷ்பம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். “ஏட்டி, தி.நகர்ல நம்ம கடைய அறியாதவங்க உண்டா? நாலு பேர் முன்னால பொம்பளப் பிள்ள இப்படியா காலை விரிச்சுட்டு நிக்கும்?”

“அத்தை, ஆடித் தள்ளுபடிக்கு சேலை பண்டல் வந்து இறங்குன அன்னிக்கு, ஆள் வரலைன்னு நீங்களே தூக்குனீங்க. அப்ப எப்படி நின்னீங்க?”

புஷ்பம் தடுமாறினாள். “அது குடோன். யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் சொருகிட்டு, இதே மாதிரிதான். நான் இப்படித்தான் நிப்பேன். பிடிக்கலைன்னா வராதீங்க.”

வந்தார்கள். முன்வரிசையில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் புஷ்பம் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஷண்முகப்ரியா மேடையேறிக் காலை அகட்டி வைத்ததும் பின்னால் ஒரு குரல் சிரித்தது. “மச்சி, சுமோ போடுது பாரு. சீட்டிங்!”

பயிற்சியாளர் ஃபராஸ் திரும்பினான். “ரூல்ல கீது நைனா. நீ வந்து தூக்கேன், பாக்கலாம்.”

விசில் ஒலித்தது. முதலில் பார் லேசாக வந்தது. போகப்போகத் தொடைகள் நடுங்கின. பெரியம்மா புஷ்பத்தின் காதில் ஏதோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஷண்முகப்ரியா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே காலை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.

“பதினெட்டு!” ராகேஷ் எழுந்து நின்று கத்தினான். புஷ்பம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை. “பத்தொம்பது! விடாதே ப்ரியா!”

இருபத்து மூன்றில் விசில். அவள் இறங்கி வந்து கணவனின் காலடியில் தரையிலேயே சரிந்தாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

அடுத்து ராயப்பேட்டை மஹ்விஷ். காலைச் சேர்த்து நின்று அவள் எடுத்த வேகத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஷண்முகப்ரியாவைவிட வேகம்.

“பார்த்தியா புஷ்பம்,” என்றாள் பெரியம்மா, “எவ்வளவு அடக்கமா நிக்கா!”

புஷ்பம் அவள் பக்கம் நன்றாகத் திரும்பினாள். பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“பேசாம பாருங்க அக்கா. பாதியில இடுப்பு பிடிச்சுக்கும்.”