வெள்ளைப் பணம் வாங்குகிறவள்

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வெரோன்கா, பட்டணத்திலிருந்து வந்த கால்மானிடம் புரட்சி அரசு அச்சடித்த ஒரு வெள்ளை நோட்டை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு முட்டையும் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பும் கொடுத்தாள். கால்மான் ரயிலுக்குப் போனதும் பக்கத்து வீட்டு யூலிஷ் வேலியோரம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? பின்பக்கம் பூ கூடப் போடாத காகிதம். இந்தப் புரட்சிக்காரங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க. பழைய ராஜா காலத்து நீலப் பணம் கேளு. இல்லேன்னா உப்பாவது கேளு!"

ஊரில் வேறு யாரும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. புதாபெஸ்டிலிருந்து பை தூக்கி வந்தவர்கள் ஆணி, மேசைவிரிப்பு, கல்யாணச் செருப்பு என்று எதையாவது கொடுத்துத்தான் மாவு வாங்கிப் போனார்கள். டிராம் ஓட்டும் கால்மானிடம் அதுவும் இல்லை. சம்பளம் முழுக்க வெள்ளை. எல்லா வாசலிலும் விரட்டப்பட்டு, கடைசியில் இவள் வாசலுக்கு வந்தவர்.

வெரோன்கா ஏமாளி இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காதவள். ஆனால் அந்த மனிதர் முட்டை கைக்கு வந்ததும் ஓடவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து மோர் குடித்தார். பசு ஏன் நொண்டுகிறது என்று கேட்டார். கலீசியாப் போர்முனைக்குப் போன புருஷன் திரும்பாத இந்த ஐந்து வருஷத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பணமே வேண்டாம் என்றால் பிச்சையென்று கூசிப்போவார். நீலம் கேட்டால் வரவே முடியாது. அதனால் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்தாள், அதற்காக வெட்கமும் பட்டாள்.

ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்தது. ரயில் நின்றது. வெள்ளை நோட்டுக்கு இனி ஐந்தில் ஒரு பங்குதான் மதிப்பு என்று ஊரில் தமுக்கடித்தார்கள்; அந்த மதிப்புக்கும் கடையில் யாரும் வாங்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சிரித்துத் தீர்த்தார்கள். வெரோன்காவுக்கு அது உறைக்கவே இல்லை. மூன்று ஞாயிறு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முந்தைய ஐந்து வருஷத்தைவிட அந்த மூன்று வாரம் கொடுமையாக இருந்தது.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும் கால்மான் வந்தார். மெலிந்திருந்தார். கையில் பழக்கத்தில் எடுத்து வந்த காலிக் கூடை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நீல நோட்டுகளை நீட்டினார்.

"கடிகாரத்த வித்துட்டேம்மா. உங்கள ஏமாத்தித் தின்னுட்டேன்னு மனசு கேக்கல. வாங்கிக்குங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன்."

வெரோன்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு நீலம் வேண்டாம். வெள்ளை இருந்தாத் தாங்க."

"அது செல்லாதும்மா!"

"செல்லாதுன்னு முதல் நாளே தெரியுங்க."

கால்மான் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றார். அவள் அவருடைய கூடையை எடுத்துப்போய் அடியில் வைக்கோல் பரப்பினாள். தூரத்தில் அவர் திரும்பிப் போக வேண்டிய ரயில் கூவியது. ஒரு முட்டையை எடுத்து இடுப்பில் கட்டிய துணியில் நிதானமாகத் துடைத்து வைத்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.